பதினேழாம் காகிதம்

விண்ணப்பத்தை வைத்துக் கொடுப்பதற்கென்றே அவர்கள் ஒரு பெட்டி செய்தார்கள். கடையில் விற்கும் பிளாஸ்டிக் உறையே போதும் என்றுதான் பெட்டிக்காரர் சொன்னார். அண்ணிக்கு மனசு ஒப்பவில்லை.

"பெட்டி செய்யறவங்க பெட்டியில வெச்சுக் குடுக்கலேன்னா எப்படிங்க? மிஷினுக்கு மானியம் கேக்கறோம். நாம என்ன செய்யறோம்னு கையில எடுத்துப் பாக்கட்டுமே."

அதில் நியாயம் இருந்தது. மூன்றடுக்கு அட்டையில், மூடி தானாகக் கவ்விக்கொள்ளும்படி, நாற்பத்தொரு காகிதங்கள் அசையாமல் உட்காரும் அளவுக்கு ஒரு பெட்டி தயாரானது. பெட்டிக்காரர் அளந்து வெட்டினார், அவருடைய தங்கை பசை போட்டு ஒட்டினாள், அண்ணி மேலே சீட்டு எழுதி ஒட்டினாள். அந்தக் கொட்டகையில் எந்த வேலையும் இந்த வரிசையில்தான் நடக்கும்.

அண்ணி என்பது பெட்டிக்காரர் மனைவியின் பெயர் இல்லை. நாத்தனார் அப்படிக் கூப்பிடப்போய், பசை டின் கொண்டுவருகிறவர், அட்டைக் கட்டு இறக்குகிறவர், வாடகை வாங்க வருகிறவர் எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். அவளைவிட இருபது வயது மூத்த வண்டிக்காரர்கூட, "அண்ணி, இதுல ஒரு கையெழுத்து" என்று நோட்டை நீட்டிக்கொண்டு நிற்பார். கொடுக்கிற நோட்டில் மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டுத்தான் அவள் கையெழுத்துப் போடுவாள். போட்ட பிறகும் ஒரு தடவை படிப்பாள். நாத்தனார் அவளுக்கு 'ரிஜிஸ்தர் ஆபீஸ்' என்று பெயர் வைத்திருந்தாள்.

கொட்டகை, டயர் கடைகளுக்குப் பின்னால் இருந்தது. தகரக் கூரை, ஒரு ஜன்னல், நடுவில் பஞ்சிங் மிஷின். பெட்டியின் வடிவத்துக்கு அட்டையை வெட்டுவதும் மடிப்புக் கோடு போடுவதும் அதுதான். பெரிய வாய் மாதிரி திறக்கும். அட்டையைக் கையால் உள்ளே வைக்க வேண்டும். மூடித் திறந்ததும் கையாலேயே எடுக்க வேண்டும். வைப்பதும் எடுப்பதும் தாளம் தப்பாமல் நடந்தால் ஒரு மணி நேரத்தில் எழுநூறு அட்டை விழும். தாளம் தப்பினால் என்ன விழும் என்பது போன வருஷம் தெரிந்தது. நாத்தனாருடைய இடது கையில் நடுவிரலும் மோதிர விரலும் முதல் கணுவோடு போயின.

கையில் கட்டுடன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள், வாசலில் நின்று மிஷினைப் பார்த்து, "தலைக்கு வந்தது விரலோட போச்சு" என்றாள். பெட்டிக்காரர் அன்று முழுக்க மிஷின் பக்கம் போகவில்லை.

விபத்து என்றால் ஆஸ்பத்திரி எழுதும், ஆஸ்பத்திரி எழுதினால் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வருவார். வந்தார். நல்ல மனிதர்தான், குரலை உயர்த்தவில்லை. கை உள்ளே போனால் தானே நின்றுவிடுகிற தடுப்பு இந்த மிஷினில் இல்லை, தடுப்பில்லாத மிஷினை ஓட்டக் கூடாது, ஆறு மாதம் தவணை தருகிறேன், ஆறாவது மாதத்தின் முப்பதாம் தேதிக்குள் மாற்றாவிட்டால் முத்திரை வைப்பேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பழைய மிஷினில் தடுப்புப் பொருத்த முடியுமா என்று மூன்று மெக்கானிக்குகளைக் கூட்டிவந்து காட்டினார்கள். மூன்று பேரும் சுற்றிச் சுற்றி வந்து, தலையைச் சொறிந்து, டீ குடித்துவிட்டுப் போனார்கள். புது மிஷினுக்குக் கடன் கேட்டால், வங்கியில் ஈடு கேட்டார்கள். கொட்டகை வாடகைக் கொட்டகை. வீடு வாடகை வீடு. மிஷின் இருந்தால் கொட்டகை, இல்லாவிட்டால் மூன்று பேரும் தெருவில். கணக்கு அவ்வளவுதான்.

அப்போதுதான் அந்தத் திட்டம் கண்ணில் பட்டது. சிறு தொழிற்கூடங்கள் பாதுகாப்பான மிஷின் வாங்கினால், விலையில் நூற்றுக்கு அறுபதை அரசாங்கமே கொடுக்கும். அட்டைக் கட்டுக்குச் சுற்றியிருந்த செய்தித்தாளில் அண்ணி அதைப் படித்தாள். தேதி முடிந்திருக்கும் என்றே நினைத்தாள். நல்லது எதுவும் தன் கையில் சேரும்போது தேதி முடிந்துதான் இருக்கும் என்பது அவள் அனுபவம். போன் போட்டுக் கேட்டால், முடியவில்லை என்றார்கள். அவளுக்கே நம்பிக்கை வராமல் மறுநாளும் போன் போட்டுக் கேட்டாள்.

ஒரு மாதம் அந்த விண்ணப்பத்தில்தான் போயிற்று. கேட்ட காகிதம் ஒவ்வொன்றையும் தேடி, நகல் எடுத்து, வலது மேல் மூலையில் எண் போட்டு, முதல் பக்கத்தில் பட்டியல் எழுதினாள். நகல்கள் அலுவலகத்துக்கு, அசல்கள் அதே எண்களோடு வீட்டில் ஒரு கோப்பில். விபத்துக்கான சான்று எங்கே என்று அவள் தேடிக்கொண்டிருந்தபோது நாத்தனார் கையை நீட்டி, "அதுக்கென்ன அண்ணி, மிச்சத்தையும் வெட்டி உள்ள வெச்சு ஒட்டிடு. அசலே போகட்டும்" என்றாள்.

"வாயைக் கழுவு."

"நகல்தான் வேணும்னா ரப்பர் விரல் விக்கறாங்களாம்."

சிரிக்கக் கூடாது என்று அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு, அடுத்த காகிதத்துக்கு எண் போட்டாள்.

மூன்று கடைகளில் மிஷினுக்கு விலைப்பட்டி வாங்கி வைக்க வேண்டும் என்பது ஒரு விதி. ஒப்புதல் கடிதம் வரும்வரை மிஷினை வாங்கக் கூடாது என்பது இன்னொரு விதி. இரண்டையும் அண்ணி பெட்டிக்காரருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டித்தான் அனுப்பினாள். அவர் மூன்று விலைப்பட்டிகளோடு திரும்பி வந்தார். மூன்றாவதோடு ஒரு சின்ன மஞ்சள் ரசீதும் இருந்தது.

"இது என்னங்க?"

"ஒண்ணுமில்ல, சின்ன அட்வான்ஸ்."

"வாங்கக் கூடாதுன்னு படிச்சுக் காட்டினேனே."

"எங்க வாங்கினேன்? வாங்கினா மிஷின் இங்கல்ல நிக்கணும்? அந்த மனுஷன் ரெண்டு மணி நேரம் எனக்காக மிஷினை ஓட்டிக் காட்டினாரு. தடுப்புக்குள்ள தன் கையையே விட்டுக் காட்டினாரும்மா. அப்படி ஒருத்தர்கிட்ட விலையை மட்டும் கேட்டுட்டு வெறுங்கையை வீசிட்டு எறங்கி வர முடியுமா? வாங்கறது வேற, மரியாதை வேற."

இரண்டு நாள் கூலி அளவுக்குத்தான் பணம். ஆனால் பெட்டிக்காரருக்கு அது வாழ்நாள் வழக்கம். எந்தக் கடையில் ஏறினாலும், எதற்கு விலை கேட்டாலும், ஏதாவது ஒரு தொகையை மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் இறங்குவார். அட்டை வியாபாரியிடம் அப்படி, அச்சுக்காரரிடம் அப்படி. பேரம் படியாமல் போனாலும் அதைத் திருப்பிக் கேட்க மாட்டார். 'அவங்க நமக்காகச் செலவழிச்ச நேரத்துக்கு அது' என்பார். அவரிடம் பெட்டி கேட்டுவிட்டுப் பிறகு மனம் மாறி, கொடுத்த முன்பணத்தைத் திருப்பிக் கேட்கிறவர்களைக் கண்டால் மட்டும் அவருக்கு ஆகாது. மறுபேச்சில்லாமல் எண்ணிக் கொடுத்துவிடுவார். அதற்கப்புறம் அந்த ஆள் முகத்தை ஏறிட்டுப் பார்க்க மாட்டார்.

அந்த மஞ்சள் ரசீதை என்ன செய்வது என்று அண்ணி இரண்டு நாள் யோசித்தாள். பட்டியலில் கேட்ட காகிதம் இல்லை அது. ஆனால் கொடுத்ததைக் கொடுத்ததாகச் சொல்வதுதானே முறை? மறைத்தால் தப்பாகிவிடுமோ? வைத்தால் தப்பாகிவிடுமோ? தன் புத்தியில் அவளுக்கு எப்போதும் அரைகுறை நம்பிக்கைதான். கடைசியில் நாத்தனாரைக் கேட்டாள்.

"வெச்சுடு அண்ணி. சும்மா காசு கேட்டு வந்த கூட்டம் இல்ல, நாமளும் கையை விட்டிருக்கோம்னு தெரியட்டும். எங்க வீட்டுல கையை விடறதுல நானே முன்னோடி."

அண்ணி அதை விலைப்பட்டிகளுக்கு அடுத்து வைத்தாள். மூலையில் 17 என்று எழுதினாள். பட்டியலில், 'இயந்திரத்துக்கு முன்பணம் கொடுத்த ரசீது – எங்கள் உறுதிக்குச் சான்று' என்று எழுதினாள். எழுதிவிட்டுப் பார்த்தபோது, நாற்பத்தொன்றில் அந்த ஒரு வரிதான் தன் சொந்த வரி என்று அவளுக்குத் தோன்றியது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

மூன்று மாதம் கழித்து, முப்பதாம் தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது பதில் வந்தது. இரண்டே வரி. விண்ணப்பம் ஏற்கப்படவில்லை, காரணம் விதி ஆறு.

விதி ஆறு என்னவென்று அண்ணிக்குப் புத்தகத்தைப் பார்க்காமலே தெரியும். ஒப்புதலுக்கு முன் வாங்கக் கூடாது என்பதுதான். பெட்டிக்காரர் அட்டை பார்க்கப் போயிருந்தார். கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

அந்த அலுவலகத்தில் நாற்காலிகள் சுவரோரமாக இருந்தன. இரண்டு மணி நேரம் உட்கார்ந்த பிறகு பிரிவு அலுவலரின் அறைக்குள் விட்டார்கள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்த, களைத்த மனிதர். அவர் மேஜையின் ஓரத்தில் அவர்களுடைய பெட்டி இருந்தது. மூடி இல்லை. உள்ளே ரப்பர் ஸ்டாம்புகளும் இங்க் பேடும் கிடந்தன.

"உங்களுதுதானே இது?" என்றார் அவர், அண்ணியின் பார்வையைப் பார்த்துவிட்டு. "காகிதத்தை எடுத்துட்டு நான் வெச்சுக்கிட்டேன். தப்பா நெனைக்காதீங்க. ரொம்ப உறுதியா இருக்கு."

"பரவாயில்ல சார்."

அவர் கோப்பைத் திறந்து, தேடாமலே ஒரு பக்கத்தைப் புரட்டி அவள் பக்கம் திருப்பினார். வலது மேல் மூலையில் 17.

"முன்பணம் குடுத்திட்டீங்க."

"முன்பணம் குடுத்தா வாங்கினதா ஆயிடுமா சார்? அது சும்மா... ஒரு மரியாதைக்கு. எங்க வீட்டுக்காரர் எந்தக் கடைக்குப் போனாலும் அப்படித்தான்."

"எனக்குப் புரியுதும்மா. விதிக்குப் புரியாது. ஒப்புதலுக்கு முன்னாடி ஒரு காசு கைமாறியிருந்தாலும், மானியம் இல்லாமலே வாங்கற சக்தி இருக்கு, வாங்க ஆரம்பிச்சாச்சுன்னு எடுத்துக்குவாங்க. சக்தி இருக்கறவங்களுக்கு எதுக்கு மானியம்னு மேல கேள்வி வரும்."

நாத்தனார் அதுவரை அடக்கிக்கொண்டிருந்தாள். "ரெண்டு நாள் கூலியைக் குடுத்தா மிஷின் வாங்கற சக்தியா சார்? அப்ப நாங்க இப்ப டிக்கெட் எடுத்துட்டு வந்தோமே, அந்த பஸ் எங்களுதா?"

அலுவலர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. அவள் மேஜைமேல் வைத்திருந்த இடது கையைப் பார்த்தார். பிறகு வேறு பக்கம் பார்த்தார்.

"அதை மட்டும் எடுத்துட முடியாதா சார்?" என்றாள் அண்ணி. கேட்கும்போதே அவள் காது சுட்டது. வாழ்க்கையில் அப்படி ஒன்றை அவள் யாரிடமும் கேட்டதில்லை.

"எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு. அப்படியே எடுத்தாலும், நீங்கதான் எண் போட்டிருக்கீங்களே. பதினாறுக்கு அப்புறம் பதினெட்டு வந்தா, தணிக்கைக்கு வர்றவன் முதல்ல அதைத்தான் கேப்பான்." அவர் கோப்பை மூடினார். மூடிய கையை அதன்மேலேயே வைத்துக்கொண்டிருந்தார். "இந்த வருஷம் என் கைக்கு வந்ததுல இதுதாம்மா சுத்தமான விண்ணப்பம். மத்ததுல பாதிக் காகிதம் இருக்காது. நாங்க கேட்டுக் கேட்டு வாங்குவோம். உங்களுதுல கேக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல. இந்த ரசீதை வைக்கச் சொல்லி எங்கயும் சொல்லல. நீங்க வைக்கலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

அவர் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டார்.

"மேல்முறையீடு பண்ணலாம். தொண்ணூறு நாள் ஆகும்."

"முப்பதாம் தேதி முத்திரை வெச்சுடுவாங்க சார்."

"ஆமா, முத்திரை வேற இலாகா" என்றார் அவர். "நாங்க சொல்லி அவங்க கேக்க மாட்டாங்க. அவங்க சொல்லி நாங்களும் கேக்கறதில்ல."

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். இரண்டு பஸ் வந்து போயின. இரண்டிலும் இடம் இருந்தது. இருவரும் ஏறவில்லை.

"சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிட்டோம் அண்ணி" என்றாள் நாத்தனார். "சூனியத்துக்கு ரசீதும் வாங்கி, அதையும் ஒட்டி அனுப்பியிருக்கோம். வை வைன்னு நான்தான் சொன்னேன்."

"நீ சொன்னே. வெச்சது நான்."

"குடுத்தது அண்ணன்."

அண்ணி சட்டென்று திரும்பினாள். "அதை அவர்கிட்ட சொல்லக் கூடாது."

"பின்ன என்ன சொல்வே?"

"ஒரு கையெழுத்து விட்டுப்போச்சுன்னு சொல்றேன். நான் கவனிக்கலேன்னு."

நாத்தனார் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீ? கையெழுத்தை விட்டுட்டே? யாராவது நம்பற மாதிரி ஒரு பொய் சொல்லு."

"இந்த அட்வான்ஸால போச்சுன்னு தெரிஞ்சா அந்த மனுஷன் இனிமே எந்தக் கடை வாசல்லயும் ஏற மாட்டாருடி. யாருக்கும் கெடுதல் பண்ணாத ஒரே ஒரு வழக்கம் அது. அதுலயே போய் முட்டிச்சுன்னு நான் எப்படிச் சொல்வேன்? என் தலையில போகட்டும். என்கிட்ட இருந்து போறதுக்கு வேற என்ன இருக்கு."

"எல்லாத்துலயும் கணக்கா இருக்கறவங்கற பேர் இருந்துச்சு" என்றாள் நாத்தனார். மூன்றாவது பஸ் வந்தது.

கொட்டகையில் பெட்டிக்காரர் அட்டையை வைத்து எடுத்து, வைத்து எடுத்து, செருப்புக் கம்பெனிக்கான பெட்டிகளை வெட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் உள்ளே வந்ததைப் பார்த்ததும் மிஷினை நிறுத்தினார். அண்ணி கடிதத்தைக் காட்டவில்லை. வழியில் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை ஒப்பித்தாள். முப்பத்தொன்றாம் காகிதத்தில் உங்கள் கையெழுத்து விட்டுப்போயிருந்தது; நான் காட்ட மறந்துவிட்டேன்; அதனால் திருப்பிவிட்டார்கள்.

அவர் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு அவர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. அதை அவள் எதிர்பார்க்கவில்லை.

"கையெழுத்துத்தானா? அட, நான்கூட பயந்துட்டேன். இவ்வளவு பெரிய அரசாங்கம் ஒரு கையெழுத்துக்கா மிஷினை நிறுத்தப்போகுது? நாளைக்கே போய்ப் போட்டுட்டு வந்துடறேன்."

"இல்லங்க... இனிமே போட்டாலும் ஏத்துக்க மாட்டாங்களாம்."

"கேட்டுப் பாக்கறதுல என்ன? கையும் இருக்கு, பேனாவும் இருக்கு. விடும்மா, நீயும் மனுஷிதானே. ஒரு தடவ மறந்தா என்ன இப்ப?"

அண்ணி எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி யோசித்துத்தான் வந்திருந்தாள். அவர் கோபப்பட்டால் என்ன சொல்வது, அழுதால் என்ன சொல்வது, மேல்முறையீடு என்றால் என்ன சொல்வது. அவருக்கு நம்பிக்கை வந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் யோசிக்கவில்லை. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்களுக்கு அதில் எந்த இடத்தில் ஓட்டை விழும் என்று தெரிவதில்லை.

காலையில் அவர் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். பேனாவை நோட்டில் கிறுக்கிப் பார்த்துவிட்டுப் பையில் செருகினார். வாசல்வரை அவள் கூடவே போனாள். இப்போது சொல்லிவிடலாம், இப்போது சொல்லிவிடலாம் என்று தொண்டைவரை வந்தது. "குடை எடுத்துக்கோங்க" என்று மட்டும் சொன்னாள். வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

பன்னிரண்டு மணிக்குள் வந்துவிடுவேன் என்றவர் நாலு மணிக்குத்தான் வந்தார். பெண்கள் இருவரும் ஒட்டு மேஜையில் எதிரெதிரே நின்று பெட்டி மடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் மிஷின் பக்கம் போகவில்லை. மேஜைக்கு வந்து, மேல்பையிலிருந்து மடித்த நோட்டுகளை எடுத்து, பசை படாத இடமாகப் பார்த்து வைத்தார்.

"திருப்பி வாங்கிட்டேன்" என்றார்.

பெண்கள் இருவரும் மடிப்பதை நிறுத்தினார்கள்.

"வீட்டுக்குப் போய் ரசீதை எடுத்துக்கிட்டுத்தான் போனேன். அதைக் குடுத்தாத்தானே பணம் திரும்பும். அவரு ஒரு வார்த்தை கேக்கல. அப்படியே எண்ணிக் குடுத்தாரு. டீ சொல்லட்டுமான்னாரு. நான்தான் வேண்டாம்னுட்டேன்." நோட்டுகளை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தார். "என் முகத்தைப் பாக்கல அவரு. நானா இருந்தாலும் பாத்திருக்க மாட்டேன்."

"என்னங்க..."

"கையெழுத்து எல்லாம் சரியா இருக்கும்மா. முப்பத்தொண்ணுல ரெண்டு தடவ போட்டிருக்கேன்."

அண்ணி கையிலிருந்த பெட்டியை மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

"பதினேழுக்கு நேரா நீ எழுதியிருந்ததை அந்த ஆபீசர் படிச்சுக் காட்டினாரு" என்றார் அவர். "எங்கள் உறுதிக்குச் சான்றுன்னு. நல்லாத்தான் எழுதியிருந்தே."

அதில் குத்தல் இருக்கிறதா என்று அவள் தேடிப் பார்த்தாள். இல்லை. இருந்திருந்தால் தேவலை போலிருந்தது. அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மிஷினை ஓடவிட்டு, அட்டையை வைத்து எடுக்கத் தொடங்கினார். அன்றைக்கு அவர் கை தாளத்தில் இல்லை. ஒவ்வொரு தடவை அந்த வாய் மூடும்போதும் நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டாள்.

முப்பதாம் தேதிக்கு மேல் பெட்டி தர முடியாதென்று செருப்புக் கம்பெனிக்குச் சொல்லியாகிவிட்டது. அவர்கள் வருத்தப்பட்டார்கள், வேறு இடம் பார்த்துக்கொள்வதாகவும் அதே மூச்சில் சொன்னார்கள். அந்தக் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் ஆள் எடுக்கிறார்களாம். நாத்தனார் போய்க் கேட்டாள். கையைக் காட்டச் சொன்னார்களாம். "எட்டு விரலுக்கு எட்டு விரல் சம்பளம் குடுங்கன்னேன். அதுக்கும் ஒரு சிரிப்பு, அப்புறம் ஒரு 'பாக்கலாம்'" என்று வந்து சொன்னாள். அன்று அவளுடைய சிரிப்பு பாதியிலேயே நின்றது. பெட்டிக்காரர் முன்னால் உள்ள டயர் கடையொன்றில் பேசிவைத்திருந்தார். ஐம்பது வயதில் டயர் உருட்டக் கற்றுக்கொள்ள வேண்டும்.

மஞ்சள் ரசீதுக்கு ஈடாக வந்த நோட்டுகள் ஒட்டு மேஜையின் இழுப்பறையிலேயே கிடந்தன. அரிசி தீர்ந்தபோதுகூட அவற்றை யாரும் எடுக்கவில்லை. பசைக்காரர் பாக்கி கேட்டு வந்தபோது எடுத்துக் கொடுத்தார்கள். அதோடு அதுவும் போயிற்று.

முப்பதாம் தேதி காலை பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். கூட ஒரு ஆள், கையில் கம்பிச்சுருளும் ஈய முத்திரையும். அவருக்குச் சங்கடமாக இருந்தது தெரிந்தது. மூன்று தடவை கைக்குட்டையை எடுத்தார்.

"மானியத்துக்குப் போட்டிருந்தீங்களே, என்ன ஆச்சு?"

"வரல சார்" என்றார் பெட்டிக்காரர்.

"ஏன்?"

பெட்டிக்காரர் அண்ணியைப் பார்க்கவில்லை. அண்ணியும் அவரைப் பார்க்கவில்லை.

"ஒரு காகிதம் கூடிப்போச்சு சார்" என்றாள் நாத்தனார்.

இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார். அவருக்குப் புரியவில்லை. கேட்கவும் இல்லை. பெட்டிக்காரர் தானே போய் சுவிட்சை அணைத்தார். வாய் பாதி திறந்த நிலையில் மிஷின் நின்றது. கம்பியைச் சுற்ற வசதியாக அதை முழுசாக மூடித் தரச் சொன்னார்கள். அவர் சக்கரத்தைக் கையால் சுற்றி மூடிக் கொடுத்தார். முத்திரை வைக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. மேஜைமேல் காகிதத்தை நீட்டினார்கள். அவர்கள் காட்டிய இடத்தில் பெட்டிக்காரர் கையெழுத்துப் போட்டார்.

அவர்கள் வாசலுக்குப் போனபோது அண்ணி பின்னாலேயே போனாள்.

"சார், எங்களுக்கு ஒரு நகல்."

இன்ஸ்பெக்டர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். அப்புறம் கார்பன் பிரதியைக் கிழித்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அலமாரியிலிருந்து கோப்பை எடுத்தாள். பிரதியின் ஓரத்தை நேராக்கி, துளை போட்டு, கடைசியில் கோர்த்தாள். வலது மேல் மூலையில் 42 என்று எழுதினாள். எழுதிய கையோடு வழக்கம்போல் சந்தேகம் வந்தது. கடைசிக் காகிதம் நாற்பத்தொன்றுதானா, நாற்பதா? முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள். ஒவ்வொன்றாக, விரலை எச்சில் தொட்டுப் புரட்டினாள். வாடகை ஒப்பந்தம், ஆஸ்பத்திரிச் சீட்டு, இன்ஸ்பெக்டரின் முதல் நோட்டீஸ், மூன்று விலைப்பட்டிகள். பதினாலு, பதினைந்து, பதினாறு.

அடுத்த காகிதத்தின் மூலையில் பதினெட்டு என்று இருந்தது.